கைராசி கேட்ட பிரிண்டர்

ஊற்றடி மடத்தில் அதிகம் பேசாத சாமி ஒருவர் இருந்தார். அவருக்கும் சேர்த்துப் பேசும் சிஷ்யை ஒருத்தியும் இருந்தாள். மங்கையர்க்கரசி என்று பெயர். சாமியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். மடத்தில் எல்லாரும் அரசியம்மா என்பார்கள். சாமி மட்டும் வெறும் "அம்மா" என்பார்.

மடத்து ஆபீஸ் அவள் பொறுப்பு. ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கழுத்து திரும்பாத ஒரு மின்விசிறி, ஒரு லேசர் பிரிண்டர். வியாழக்கிழமை தோறும் சாமி கூடத்தில் பேசுவதை அவள் டைப் அடித்துத் தாளில் எடுப்பாள். வருகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். குருபூஜை நெருங்கிவிட்டால் பாட்டுத் தாள், அழைப்பு, அறிவிப்பு என்று பிரிண்டருக்கு ஓய்வே கிடையாது.

அந்தப் பிரிண்டர்தான் மழைக்காலத்திலிருந்து அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

தாளை இழுக்கும். பாதியில் நிற்கும். ஆரஞ்சு விளக்கு கண் சிமிட்டும். மூடியைத் திறந்தால் உள்ளே தாள் விசிறி மடிப்பாகக் கசங்கிக் கிடக்கும். கிழியாமல் உருவி எடுத்து, மூடி, பட்டனை அழுத்தினால் இரண்டு தாள் ஒழுங்காக வரும். மூன்றாவது சிக்கும்.

"மறுபடியுமா?" என்று வாசலில் நின்று கேட்பார் வைத்தியலிங்கம். அவர் மடத்தின் காரியஸ்தர். வரவு செலவு, சாவிக்கொத்து, சாமிக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. சாமிக்குக் கோபமே வராது என்பதால் மூன்றாவது வேலையில் அவருக்குத் தோல்வியே கிடையாது.

முதல்முறை சிக்கியது நல்ல மழையில். தாளில் ஈரம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் வைத்தியலிங்கம் அதோடு விட்டுவிடுகிற ஆளா? மறுநாளே ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். புதுப் பேப்பர் கட்டைப் பிரித்து, பித்தளைத் தட்டில் வைத்து, சாமி முன்னால் கொண்டுபோய் நீட்டினார்.

"சாமி கையால கொஞ்சம் திருநீறு போட்டுக் குடுத்தா, சிக்காம ஓடும்."

சாமி போட்டார். கேட்டால் கொடுப்பவர்தானே அவர். சாமி கை தாராளக் கை வேறு. ஒவ்வொரு தாளுக்கும் ஆசி போய்ச் சேர வேண்டுமே என்று காரியஸ்தர் கட்டைச் சீட்டுக்கட்டு போல விரித்துப் பிடித்தார். அதற்குள் ஈரமும் காய்ந்திருந்தது. அன்றைக்குப் பிரிண்டர் நன்றாகவே ஓடியது. அதோடு அது மடத்து வழக்கமாகிவிட்டது. வியாழக்கிழமை கூடத்தில் எல்லார் எதிரிலும் கட்டுக்குத் திருநீறு போட்ட பிறகுதான் அது ஆபீஸுக்குப் போகும். மீண்டும் சிக்கத் தொடங்கியபோது காரியஸ்தர், "இன்னும் கொஞ்சம் போடுங்க சாமி" என்றார். சாமி இன்னும் கொஞ்சம் போட்டார்.

டவுனிலிருந்து சர்வீஸ்காரர் பீட்டர்ராஜ் வந்தார். ட்ரேயை உருவினார், உள்ளே ஈரத்துணியால் துடைத்தார், தன் பையிலிருந்து நாலு தாள் எடுத்துப் போட்டு ஓட்டிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு வந்தன. "நல்லாத்தானே இருக்கு?" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பைக் சத்தம் ஓய்வதற்குள் அரசியம்மாள் மடத்துத் தாளைப் போட்டாள். சாயங்காலத்துக்குள் சிக்கியது.

காரியஸ்தர் தன் கடிதங்களைத் தானே எடுப்பார். மடத்து முத்திரை போட்ட லெட்டர்ஹெட்டை மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பார். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிண்டரின் முன்பக்கத் திறப்பில் செருகுவார். ஒன்றுகூடச் சிக்கியதில்லை.

ஒருநாள் அவர் வாயைத் திறந்தார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. சர்வீஸ்காரர் தொட்டா ஓடுது. நான் தொட்டா ஓடுது. நீங்க தொட்டாத்தான் சிக்குது."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. சிலருக்குக் கைராசி அப்படி."

அரசியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தச் சொல்லை அவளுக்கு நன்றாகத் தெரியும். கணவன் போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்த நாளெல்லாம் அதோடுதான் குடித்தனம் நடத்தினாள். புது வீட்டில் பால் காய்ச்சும்போது, "நீ உள்ள இரும்மா." அண்ணன் மகள் கல்யாணத்தில் தாம்பாளத்தைத் தூக்கப் போனால், "அதை அவ எடுக்கட்டும்." யாரும் திட்டியதில்லை. எல்லாரும் பிரியமாகத்தான் ஒதுக்கினார்கள். அந்தப் பிரியம் தாங்காமல்தான் ஒரு பெட்டியோடு மடத்துக்கு வந்தாள். இங்கே யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. அவள் டைப் அடித்ததைத்தான் பார்த்தார்கள். இப்போது அந்தச் சொல் பஸ் பிடித்து இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது.

நேரே சாமியிடம் போனாள். சாமி கிணற்றடியில் தன் வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்கம்மா."

"கைராசின்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

சாமி வேட்டியைக் கல்லில் ஓர் அடி அடித்தார். "எதுக்குக் கேக்கறீங்க?"

"என் கை பட்டாத்தான் பிரிண்டர் சிக்குதாம்."

"பிரிண்டர் சொல்லுச்சா?"

"காரியஸ்தர் சொன்னாரு."

"அப்ப பிரிண்டரைக் கேளுங்க."

"நான் உங்களைக் கேக்கறேன் சாமி."

சாமி வேட்டியைப் பிழிந்தார். உதறினார். கொடியில் போட்டு ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் அங்கேயே நின்றாள். 'இல்லை' என்று ஒரு சொல். அதைச் சொல்ல நாக்கு வலிக்கவா போகிறது? அவர் சொன்னால் மடமே கேட்குமே. சாமிமேல் அவளுக்கு அதுவரை வராத கோபம் அன்றைக்கு வந்தது.

கிணற்றடிப் பேச்சு காரியஸ்தர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. அவர் அதைக் கூடத்திலும் சமையற்கட்டிலும் விளம்பினார். "அந்தம்மா நேராவே கேட்டுப்புட்டாங்க. சாமி இல்லன்னு சொல்லலையே!"

பிரிண்டரைக் கேட்கச் சொன்னாரல்லவா, கேட்டுத்தான் பார்ப்போம் என்று அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். பக்தியில் இல்லை, வீம்பில்.

வேறு கம்பெனிப் பேப்பர் வரவழைத்தாள். அதற்கும் கூடத்தில் திருநீறு போட்டார்கள், அதுவும் சிக்கியது. கட்டைத் தலைகீழாக வைத்துப் பார்த்தாள். கொஞ்சமாக வைத்துப் பார்த்தாள். மேஜைக்கால் ஆடுகிறதோ என்று அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தாள். எதற்கும் மசியவில்லை. போதாததற்கு எழுத்துகளில் இப்போது அங்கங்கே வெள்ளைப் புள்ளி வேறு விழுந்தது, அம்மைத் தழும்பு மாதிரி.

பீட்டர்ராஜுக்குப் போன் போட்டாள்.

"நீங்க வந்தா மட்டும் எப்படிங்க ஓடுது?"

"ரோலரைத் துடைக்கிறேன்ல, அதான் மேடம். ட்ரேக்கு மேல ரப்பர்ல ஒண்ணு உருளும் பாருங்க. அதுதான் பேப்பரைப் பிடிச்சு உள்ள தள்ளுது. அதுல தூசி படிஞ்சா பிடிக்காது."

"என்ன தூசி?"

"தூசின்னா தூசிதான். வெள்ளையா இருக்கும். பேப்பர் தூசி."

"ஒரு வாரத்துல அவ்வளவு வருமா?"

"வராதுதான்," என்றார் பீட்டர்ராஜ். "உங்க ஊர்ல காத்து ஜாஸ்தியோ?"

அவள் ஜன்னலைச் சாத்தி வைத்தாள். புழுக்கத்தில் வெந்தாள். பிரிண்டர் சிக்கியது.

குருபூஜை நெருங்கியது. பாட்டுத் தாள் ஒன்றுகூட முழுசாகத் தேறவில்லை. காரியஸ்தர் ஒருநாள் ஆபீஸ் சாவிக்குக் கையை நீட்டினார்.

"கொஞ்ச நாளைக்கு நானே பாத்துக்கறேன். நீங்க திருநீறு கொட்டகைக்குப் போங்க. அங்க ஆள் பத்தல."

"சாமி சொன்னாரா?"

"சாமி வேணாம்னு சொல்லல."

அவள் சாவியை மேஜைமேல் வைத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை.

அன்றைக்குக் காலையில்தான் பீட்டர்ராஜ் வந்து துடைத்துவிட்டுப் போயிருந்தார். ஆகவே காரியஸ்தர் உட்கார்ந்த முதல் நாள் தாள்கள் பாதி நாள்வரை வரிசையாக வந்து விழுந்தன. அவர் அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டு மடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். இரண்டாம் நாள் அவருக்கும் சிக்கியது. அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அந்தம்மா கை பட்ட தோஷம். சீக்கிரம் போவாது."

எப்படிப் போட்டாலும் விடை அவள் தலையிலேயே வந்து விழுகிற கணக்கு அது. சமையற்கட்டில் அவள் வந்தால் பேச்சு நின்றது. குருபூஜைக் கோலத்துக்கு மாவு கரைக்க அவளைக் கூப்பிடவில்லை. கடைசியில் காரியஸ்தர் பிரியமாகவே சொன்னார்: "குருபூஜை முடியட்டும். உங்க அண்ணனுக்குப் போன் பண்றேன். கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வாங்க."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவளுக்குத் தெரியாதா? அண்ணன் வீட்டுப் பின்கட்டும், "நீ உள்ள இரும்மா"வும் கண்முன் வந்தன. இந்தத் தடவை அங்கே போனால், மடத்திலேயே வேண்டாம் என்று அனுப்பிய கை என்ற பட்டமும் சேரும். அதற்குப் பிறகு அவள் எங்கேதான் போவாள்?

திருநீறு கொட்டகை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இருந்தது. சாணி உருண்டைகளைச் சுட்டு, நொறுக்கி, மெல்லிய துணியில் திரும்பத் திரும்பச் சலித்து, கொஞ்சம் பச்சைக் கற்பூரம் சேர்ப்பார்கள். ஊற்றடித் திருநீற்றை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அரசியம்மாள் முழங்கைவரை சாம்பலோடு நாளெல்லாம் சலித்தாள். மனசுக்குள் காரியஸ்தரையும் சாமியையும் சேர்த்தே சலித்தாள்.

ஒரு மத்தியானம். சலித்ததைப் பித்தளைச் சம்புடத்தில் கொட்டி, மூடியைத் திருகப் போனாள். மூடி விரலில் நிற்கவில்லை, வழுக்கியது. இறுக்கிப் பிடித்தாள், இன்னும் வழுக்கியது. கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டு ஓடியது.

"சனியனே, கேரம் போர்டு பவுடரைப் பூசின மாதிரி..." என்று வைதவள் பாதியில் நிறுத்தினாள்.

தன் விரல்களைப் பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்தாள். இரண்டும் ஒன்றையொன்று பிடிக்கவே இல்லை.

ரப்பர்ல ஒண்ணு உருளும். அதுதான் பேப்பரைப் பிடிச்சு உள்ள தள்ளுது.

பீட்டர்ராஜ் பையிலிருந்து எடுத்த தாள் கூடத்துக்குப் போகாத தாள். காரியஸ்தரின் லெட்டர்ஹெட் இழுப்பறையை விட்டு வராத தாள், அதுவும் ட்ரே ரோலரைத் தொடாமல் முன்பக்கம் வழியாக உள்ளே போவது. கூடத்துக்குப் போய்வந்த தாள் அவளுடையது மட்டும்தான்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடப் போனாள். பிறகு யோசித்து, நின்று, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். இந்தச் சாம்பலைத் தானே கொண்டுபோய்ப் பூசினாள் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது.

காரியஸ்தர் சாப்பிடப் போயிருந்தார். மூலையில் கம்பி முறிந்த பழைய குடை ஒன்று இருந்தது. அதன் கறுப்புத் துணியில் ஒரு துண்டைக் கிழித்தாள். ட்ரேயை உருவினாள். உள்ளே கைவிட்டு ரோலரைச் சுற்றித் துடைத்தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்புத் துணியில் வெள்ளையாக ஒரு பட்டை. முகர்ந்து பார்த்தாள்.

பச்சைக் கற்பூரம்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராசியில்லாத கை எது என்று தேடிப் போனால் அது எங்கே போய் நிற்கிறது! அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. இதை யாரிடம் சொல்வது? காரியஸ்தரிடம் சொன்னால் துணியை அடுப்பில் போடுவார். சாமியிடம் தனியாகச் சொன்னால் அவர் வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கூடத்தில் சொல்லலாம். சொன்னால் குருபூஜை வரைக்கும்கூட இருக்கவிட மாட்டார்கள்.

எப்படியும் போகத்தான் போகிறோம், வாயைத் திறந்துவிட்டே போவோம் என்று துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. குருபூஜைக்கு முந்தைய வியாழன், வெளியூர் ஆட்களும் வந்திருந்தார்கள். சாமி பேசி முடித்தார். காரியஸ்தர் இரண்டு கட்டுப் பேப்பரைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றைப் பிரித்து விசிறியாக விரித்தார். சாமி சம்புடத்திலிருந்து கை நிறைய அள்ளினார்.

"போடாதீங்க சாமி."

கூடம் திரும்பிப் பார்த்தது. அரசியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். சாமியின் கை தாளுக்கு மேலே அப்படியே நின்றது.

"உக்காருங்கம்மா," என்றார் காரியஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உக்கார மாட்டேன். சாமி, பிரிண்டரைக் கேக்கச் சொன்னீங்க. கேட்டேன். பதில் சொல்லிருச்சு."

"என்ன சொல்லுச்சு?" என்றார் சாமி.

"எனக்குக் கைராசி இல்லைங்கறாங்க. எனக்கு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா பேப்பர் சிக்கறது என் கையால இல்ல. உங்க கையால."

கூடத்தில் யாரோ "சிவ சிவ" என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். காரியஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மடத்துச் சோத்தைத் தின்னுட்டு சாமி கையையே குத்தம் சொல்றீங்களா? வெளிய போங்க!"

"போறேன். காட்டிட்டுப் போறேன். ஐயா, நீங்களே வாங்க. ராசியான கை உங்க கைதானே? நீங்களே உக்காந்து ஓட்டுங்க. நான் பிரிண்டரைத் தொடவே மாட்டேன்."

காரியஸ்தர் சாமியைப் பார்த்தார். சாமி கையிலிருந்த திருநீற்றை விரித்த தாள்மேல் போட்டார். எப்போதும் போல, தாராளமாகவே.

"போங்க," என்றார்.

ஆபீஸ் வாசலிலும் ஜன்னலிலும் தலைகள் மொய்த்தன. காரியஸ்தர் கட்டை ட்ரேயில் வைத்தார். பட்டனை அழுத்தினார். ஒரு தாள் வந்தது. அவர் நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார். இன்னொன்று வந்தது. அடுத்தது உள்ளே கரகரத்தது. ஆரஞ்சு விளக்கு கண் சிமிட்டியது.

"தோஷம்..." என்று தொடங்கினார்.

"இருங்க," என்றாள் அரசியம்மாள். "தோஷத்தை இப்ப நான் துடைக்கிறேன்."

சிக்கிய தாளை உருவினாள். ஈரத்துணியால் ரோலரைத் துடைத்தாள், காயும்வரை நின்றாள். திருநீறு படாத இன்னொரு கட்டை எல்லார் எதிரிலும் பிரித்து ட்ரேயில் வைத்தாள். தன் விரலால், அண்ணன் வீட்டில் பால் காய்ச்சக் கூடாதென்ற அதே விரலால், பட்டனை அழுத்தினாள்.

தாள் வந்தது. அடுத்தது வந்தது. வந்துகொண்டே இருந்தது. குருபூஜைப் பாட்டு முழுவதும் சூடாக வந்து விழுந்து அடுக்கானது. ஓர் எழுத்திலும் வெள்ளைப் புள்ளி இல்லை. ஜன்னலில் இருந்தவர்கள் எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை தப்பி, விட்டுவிட்டார்கள்.

அவள் இடுப்பிலிருந்த கறுப்புத் துணியை எடுத்துச் சாமி முன்னால் விரித்தாள்.

"அன்னைக்கு ரோலர்லேருந்து துடைச்சது. முகர்ந்து பாருங்க."

சாமி முகர்ந்து பார்த்தார்.

"நம்ம திருநீறு," என்றார்.

"ஆமா."

"அப்ப திருநீறு தப்புங்கறீங்களா?"

"நெத்தியில தப்பில்ல சாமி. ரோலர்ல தப்பு."

"இது உனக்கு..." என்று காரியஸ்தர் ஒருமைக்கு இறங்கினார். "இது உனக்கு முன்னாடியே தெரியும்! வேணும்னே எல்லார் எதிர்லயும் சாமியை..."

"வேணும்னேதான்," என்றாள் அவள். "எல்லார் எதிர்லயும்தானே என் கையைச் சொன்னீங்க?"

பாவம், காரியஸ்தர் சாமிமேல் வைத்தது நிஜமான பக்திதான். அதை எங்கே வைத்தோம் என்றுதான் பார்க்கவில்லை.

சாமி அவள் முன்னால் வந்து நின்றார். வலது கையை இடது கைமேல் வைத்துக் குழித்து நீட்டினார். ஜனங்கள் அவரிடம் திருநீறு வாங்க நீட்டுகிற மாதிரியே.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"குடுங்கம்மா," என்றார் சாமி.

"எதை?"

"அதைத்தான்."

அரசியம்மாள் துணியை உதறவில்லை. நுனிவிரலால் அந்தப் பட்டையிலிருந்து ஒரு சிட்டிகை வழித்தாள். மைத்தூசியும் பேப்பர் தூசியும் கலந்து அது கொஞ்சம் கறுத்திருந்தது. அதைச் சாமியின் உள்ளங்கையில் வைத்தாள்.

சாமி அதை நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிமே கட்டுக்குப் போட வேணாம்," என்றார் காரியஸ்தரிடம். "ஆபீஸ் சாவி?"

காரியஸ்தர் சாவியை எடுத்து மேஜைமேல் வைக்கப் போனார். அரசியம்மாள் கையை நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். அவர் ஒரு கணம் தயங்கி, அந்தக் கையிலேயே கொடுத்தார்.

கூட்டம் கலையத் தொடங்கியது. சாமி திரும்பினார். அவள் விடவில்லை.

"நில்லுங்க சாமி. என் கேள்விக்கு இன்னும் பதில் வரல."

"எந்தக் கேள்வி?"

"கிணத்தடியில கேட்டது. அன்னைக்கே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா எல்லார் வாயும் மூடியிருக்கும். நான் கொட்டகையில சாம்பல் தின்னிருக்க வேணாம். ராத்திரியெல்லாம் அண்ணன் வீட்டை நினைச்சு அழுதிருக்க வேணாம். நீங்க ஏன் சொல்லல?" அவள் குரல் உடைந்தது, ஆனால் தாழவில்லை. "உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது," என்றார் சாமி. "எனக்குப் பிரிண்டரைப் பத்தி என்ன தெரியும்?"

"பிரிண்டர் தெரியாது, சரி. கைராசி இல்லன்னு தெரியும்ல? சொன்னா அத்தனை பேரும் நம்பியிருப்பாங்கள்ல? நானும் நம்பியிருப்பேன்ல?"

சாமி தன் வலது கையை விரித்துப் பார்த்தார். ரேகைகளில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"என் கையை நம்பினதுல பேப்பர் சிக்குச்சும்மா. வாயையும் நம்பியிருந்தா, நீங்க சிக்கியிருப்பீங்க."